பேரன் சொன்ன பட்டாளமும் பாட்டி சொன்ன உப்புக் காவலும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு மரக்காணம் வந்திருந்த என் பேரன் ஒரு பட்டாளத்தின் வரலாற்றை எனக்குச் சொன்னான். எந்த ஆண்டு தொடங்கியது, தளபதி யார், எந்தச் சண்டையில் எதிரி யார் என்று ஒப்பிக்கிறான். நான் சரித்திரப் பாடம் நடத்திய காலத்தில் ஒரு பிள்ளையும் இப்படி ஒப்பித்ததில்லை. கடைசியில் பார்த்தால் அப்படி ஒரு பட்டாளமே உலகத்தில் கிடையாது! பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரில் வரும் கற்பனைப் படையாம். பெயர் 'யூனிட்'. வேற்றுக்கிரகத்தார் படையெடுத்தால் தடுப்பதற்காக ஐ.நா. பெயரில் அமைத்தது. 1968-ல் திரையில் வந்தது. தளபதி பிரிகேடியர் லெத்பிரிட்ஜ் ஸ்டூவர்ட். 2008-ல் பெயரிலிருந்த ஐ.நா.வை எடுத்துவிட்டார்கள். அந்தக் கதைகள் நடப்பது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று ரசிகர்கள் இன்னும் சண்டை போடுகிறார்களாம். கல்வெட்டு ஆண்டுக் கணக்குக்கு நம் ஆய்வாளர்கள் போடும் சண்டை மாதிரிதான்.

சிரித்துக்கொண்டே கேட்டேன். 1970-ல் வந்த ஒரு கதையை அவன் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

இங்கிலாந்தில் குகைக்குள் ஓர் அணு ஆராய்ச்சி நிலையம். அங்கே ஊர்வன இனத்து அறிவாளிகள் விழித்துக்கொள்கிறார்கள். சைலூரியன்கள் என்று பெயர். அவர்கள் வேறு கிரகத்திலிருந்து வந்தவர்களே அல்ல. மனிதன் தோன்றுவதற்கு முன் இந்தப் பூமியில் வாழ்ந்தவர்கள். ஆபத்து வருகிறது என்று நிலத்தடியில் உறங்கப் போனவர்கள். எழுந்து பார்த்தால் வீடு முழுக்க வேறு ஆட்கள். படையின் அறிவியல் ஆலோசகரான டாக்டர், ஒவ்வொருவராக எழுப்பிப் பேசிப் பார்க்கலாம் என்கிறார். பிரிகேடியர் அந்தக் குகையையே வெடி வைத்துத் தகர்த்துவிடுகிறார். கதை அங்கே முடிகிறது.

"அவங்க முதல்ல நோயைப் பரப்பினாங்களே தாத்தா?" என்றான் பேரன். உண்மைதான், பரப்பினார்கள். ஆனால் சமாதானம் பேச நினைத்த ஒரு மூத்தவரும் அவர்களிடையே இருந்தார், அவரை அவர் கூட்டத்தாரே கொன்றார்கள் என்று அவன்தான் சொன்னான். அப்படியானால் இரண்டு பக்கமும் இரண்டு விதமான ஆட்கள் இருந்திருக்கிறார்கள். வெடி வைக்கும்போது அந்தக் கணக்கை யார் பார்த்தார்கள்?

என் கருத்து இதுதான். இந்தப் படைக்கதைகளைப் பிள்ளைகள் பார்க்கட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் பார்த்து முடித்ததும், யார் அந்நியர் என்று முடிவு செய்தது யார் என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

இந்த வகைக் கதைக்கு மூலவர் எச்.ஜி. வெல்ஸ். செவ்வாய்க் கிரகத்தார் லண்டனைத் தாக்கும் அவர் நாவல் 1898-ல் புத்தகமாக வந்தது. அதன் தொடக்கத்திலேயே டாஸ்மேனியப் பழங்குடிகளை ஐரோப்பியர் அழித்ததை நினைவூட்டுகிறார். நாம் செய்ததை நமக்கே ஒருவன் செய்தால் எப்படி இருக்கும் என்று கேட்டவர் அவர். பின்னால் வந்தவர்களில் பலர் கேள்வியை விட்டுவிட்டுத் துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊர்க்காரருக்கு இது புரியாத விஷயமா? 1889-ஆம் ஆண்டு சென்னை உப்புச் சட்டம் என்று ஒன்று இருந்தது. கழிமுகத்தில் தானாக விளைந்து கிடக்கும் உப்பை அள்ளினாலும் குற்றம். என் பாட்டி சொல்வாள்: மடியில் ஒரு பிடி உப்பு இருந்தால் காவலர் பிடித்துக்கொள்வார்களாம். கடல் இங்கே, மண் இங்கே, வெயில் இங்கே. கப்பலில் வந்தவன் காவல் போட்டான், பிறந்தவள் திருடி! பேரன் கண்ணை விரித்துக்கொண்டு, "கொள்ளுப் பாட்டி என்ன பண்ணினாங்க?" என்றான். மறுநாளும் போனாளாம் என்றேன்.

ராணுவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் மீட்புக்கு வந்த சிப்பாய்களை மறந்தவன் அல்ல நான். அன்று அவர்கள் யார் எவர் என்று கேட்டுவிட்டுக் கை கொடுக்கவில்லை.

நம் பக்கத்துக் கதைகளையும் பேரனுக்குச் சொன்னேன். 1963-ல் வந்த 'கலை அரசி'யில் எம்.ஜி.ஆர்., பானுமதி. வேற்றுக்கிரகத்திலிருந்து நம்பியார் எதற்கு வருகிறார்? நாட்டைப் பிடிக்க அல்ல. அவர்கள் உலகத்தில் விஞ்ஞானம் உண்டு, கலை இல்லை. பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி வருகிறார். கடத்திக்கொண்டு போவது தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மீட்கப் போவது படை அல்ல, ஒற்றை ஆள். சத்யஜித் ரே 1967-ல் எழுதி, படமாகாமலே போன திரைக்கதையில் விண்கலம் இறங்குவது ஒரு வங்காளக் கிராமத்துக் குளத்தில். 2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' படத்திலும் பூமிக்கு ஆபத்து, பூமியைத் துளைக்கும் மனிதனால்தான். வந்தவன் நம்மோடு சேர்ந்துகொள்கிறான்.

இதையெல்லாம் வைத்து நம் ஆட்கள் ரொம்ப உத்தமர்கள் என்று மார்தட்ட மாட்டேன். பக்கத்துத் தெருக்காரனை அந்நியனாக்கும் வித்தை நமக்கும் நன்றாகவே வரும். வேற்றுக்கிரகத்தான் வந்தால் மட்டும் வாசலில் கோலம் போடுவோமா என்ன?

பேரன் பொங்கலுக்கு மறுபடி வருகிறான். 'கலை அரசி'யை முழுசாகப் போட்டுக் காட்ட வேண்டும். தெளிவான பிரதி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.