எண்ணெய்க் கசிவும் எரிபொருட் கலவையும்

விழா மலர் என்றால் பழைய ஆசிரியர்களையும் பழைய விடுதி வாழ்க்கையையும் நினைந்துருகுதல் மரபு. மலர்க்குழுவினர் எம்மிடமும் அதனையே எதிர்பார்த்திருப்பர். ஆயினும், தம் கையாலே ஆகாய விமானம் அமைத்துப் பறப்போரைப் பற்றியும், அவருட் பலர் செய்யும் ஒரு தவறு பற்றியும் எழுதவே எம் மனம் விழைகின்றது. மலர்க்குழுவினர் பொறுத்தருள்க.

வீட்டில் விமானம் கட்டுதல் வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே பேர்னாட் பீற்றன்போல் என்பார் 1929 ஆம் ஆண்டளவில் போர்ட் மோட்டார் காரின் இயந்திரத்தைப் பூட்டி விமானம் பறக்கவிட்டார். 1953 இல் அந்நாட்டில் இவ்வார்வலர்க்கென ஒரு சங்கமே தோன்றியது. வொக்ஸ்வாகன் காரின் இயந்திரம் இவர்களுக்குப் பெரிதும் உவந்தது. வளியினாற் குளிர்வது, எடை குறைந்தது, விலை மலிந்தது.

இவ்வியந்திரத்தில் எண்ணெய் கசிந்தால் கசிந்த இடத்தைப் பசை கொண்டு அடைப்பதும், அது தடுமாறினாற் காபுரேற்றரைத் திருகிப் பார்ப்பதும் பழுது நீக்கல் ஆகா என்பதே எம் கருத்து. அவை நோயை விட்டு வியர்வையைத் துடைக்குஞ் செயல்கள். அன்றியும், எண்ணெய்க் கசிவும் கலவைக் கோளாறும் பலகால் ஒரே நோயின் இரு குறிகள் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

“எண்ணெய் கசியாத விமான இயந்திரம் எங்குண்டு?” என்று சிலர் நகைப்பர். காரில் எண்ணெய் ஒழுகினால் தெருவோரத்தில் நிறுத்தலாம். அந்தக் கார் இயந்திரம் கொள்ளும் எண்ணெயோ இரண்டரை லீற்றர் அளவே. அதிற் பாதி போய்விட்டால் ஆகாயத்தில் எவ்வோரத்தில் நிறுத்துவது? சூடேறிய புகைக்குழாயில் எண்ணெய் வீழ்ந்தால் நெருப்பு; முன்கண்ணாடியிற் படிந்தால் இறங்குதரை தெரியாது.

கசிவைத் தேடும் முறை எளியது, பொறுமைதான் அரியது. இயந்திரத்தைக் கழுவி உலர்த்தி, ஐயமுள்ள பொருத்துக்களில் முகப்பூச்சு மாவைத் தூவி, சில நிமிடம் ஓட்டி நிறுத்திப் பார்த்தல் வேண்டும். சுழல்விசிறியின் காற்று எண்ணெயைப் பின்னோக்கிச் சிதறடிக்குமாதலால், மிக நனைந்த இடம் கசிவின் இடமன்று; நனைந்தவற்றுள் முன்னும் மேலும் உள்ளதே ஊற்று. அதனைக் கண்டபின்னும் பசையை எடுத்தல் ஆகாது. எண்ணெயை வெளியே தள்ளியது எது என்று கேட்டல் வேண்டும்.

வொக்ஸ்வாகன் காரிற் கப்பி பூட்டும் முனையில் எண்ணெய்த் தடுப்பு வளையம் கிடையாது. எண்ணெயை எறியும் ஒரு தட்டும், அதனை உள்ளே மீட்கும் திருகுத் தவாளிப்புமே காவல். விமானத்துக்கென மாற்றுவோர் பெரும்பாலும் அம்முனையிலேயே சுழல்விசிறியைப் பூட்டுவர். பேழையினுள் அமுக்கம் சிறிது ஏறினாலும் இக்காவல் தோற்றுவிடும். அமுக்கம் ஏறுவது ஏன்? மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கலாம், அல்லது பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி எரிவாயு கீழிறங்கலாம். இரண்டாவதற்கு மிகை பெற்றோற் கலவை ஒரு காரணம்: எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, வளையங்களைத் தேய்த்து, எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். எண்ணெய் அளக்கும் கோலை முகர்ந்தாற் பெற்றோல் மணக்கும். காபுரேற்றரிற் பிறந்த பிழை சுழல்விசிறியின் அடியில் எண்ணெயாய் வெளிப்படுகின்றது. இஃதறியாதவர் புதிய வளையம் வாங்கி வாங்கி மாற்றுவர்.

பெற்றோலுக்கும் எண்ணெய்க்கும் உள்ள இப்பகை பறத்தலினும் மூத்தது. 1903 பெப்ரவரியில் ரைற் சகோதரரின் முதல் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தபோது, சொட்டிய பெற்றோல் தாங்கிகளை இறுகச்செய்து இயந்திரப் பேழையையே உடைத்துவிட்டது. புதிதாக வார்க்க வேண்டியதாயிற்று.

கலவையைப் பற்றியும் சில சொல்வோம். ஓர் இறாத்தல் பெற்றோல் முற்றாக எரிய ஏறக்குறைய 15 இறாத்தல் வளி வேண்டும். மிகுந்த வலுவுக்கு 12½ இறாத்தல் அளவு. 8,000 அடி உயரத்தில் வளியின் அடர்த்தி கடல்மட்டத்ததில் ஐந்தில் நான்கு பங்கே. ஆதலின் நிலத்திற் செம்மையான கலவை அங்கே மிகையாகும். புகைவெப்பமானியை நம்பித் திருகுவோர் ஒன்றை மறக்கின்றனர். அவ்வெப்பநிலை ஓர் உச்சத்தை எய்தி இருபுறமும் தாழ்வது. எனவே ஒரே எண் மிகையையும் காட்டலாம், குறையையும் காட்டலாம். கலவையை மெல்லக் குறைத்து, முள் ஏறுகின்றதா இறங்குகின்றதா என்று பார்த்தாலன்றி எந்தப் பக்கத்தில் நிற்கின்றோம் என்பது விளங்காது.

மெதுவோட்டத்தில் தடுமாறி முழுவோட்டத்தில் நேராகும் இயந்திரத்தில், காபுரேற்றரைத் தொடுமுன் உட்செல் குழாயின் பொருத்துக்களைப் பார்க்க. மெதுவோட்டத்தில் அக்குழாயினுள் அமுக்கம் தாழ்ந்திருத்தலால் சிறு இடுக்கும் வெளிவளியை உறிஞ்சும்; முழுவோட்டத்தில் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒப்பாதலின் அவ்விடுக்கு அடங்கிவிடும். பௌதிகவியல் வகுப்பிற் கற்றது இவ்வளவே. அதனைப் பட்டறைக்குக் கொண்டு செல்வோர்தாம் சிலர். மாறாக, முழுவோட்டத்திலே குறை தெரிந்தாற் பெற்றோல் வரும் வழியை ஐயுறுக. மூக்கை ஏறுநிலையில் உயர்த்தி வைத்து, வரும் பெற்றோலை அளந்து பார்த்தல் வேண்டும். புவியீர்ப்பால் வருவதாயின் இயந்திரம் உண்பதன் ஒன்றரை மடங்கும், பம்பியால் வருவதாயின் ஒன்றேகால் மடங்கும் வருதல் வழக்கான அளவு.

அச்சமும் சிலவேளை பழுதாகும். புது இயந்திரத்தை வருத்தலாகாதென்று நாட்கணக்காய் நிலத்திலே மெதுவோட்டத்தில் வைத்திருப்போர் உளர். அப்படி ஓட்டினால் வளையங்கள் சுவரோடு பொருந்தா, சுவர் பளபளத்துப்போம், பின் எண்ணெய் குடிப்பதும் கசிவதும் ஓயா.

அமெரிக்காவில், சான்றிதழ் பெறாத இயந்திரம் பூட்டிய இத்தகைய விமானத்துக்கு வழக்கமாக 40 மணிநேரச் சோதனைப் பறப்பு விதிப்பர். அதனைத் தண்டனையாய்க் கருதி, நாளை எண்ணி, கசிவோடே பறந்து முடிப்பவரைக் காணும்போது எமக்கு மனம் பொறுப்பதில்லை. கசிவு தெரிந்த அன்றே அவ்விமானம் கொட்டகையில் நிற்க வேண்டும். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதி, மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றியவர்க்கு இயந்திரம் சீரானாலும் எதனாற் சீரானது என்பது தெரியாது. அடுத்த முறை கசியும்போது அவர் முதலிலிருந்தே தொடங்குவார்.