பூவோடு ஒரு வேலையும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, வசந்தம் என்றால் பனி உருகுவது என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்தது. தாம்பரத்தில் அது புங்க மரம் தளிர்ப்பது, வாசலில் வேப்பம்பூ உதிர்வது.

1923இல் பிராகு நகரில் நோர்பெர்ட் சாப்பெக் என்ற யூனிட்டேரியன் போதகர் ஒரு பூ வழிபாட்டைத் தொடங்கினார். ஆளுக்கொரு பூ கொண்டுவந்து ஜாடியில் வைப்பார்கள். போகும்போது வேறொருவர் வைத்த பூவை எடுத்துப்போவார்கள். அவரை நாஜிகள் 1942இல் கொன்றார்கள். வழிபாடு இன்றும் பல நாடுகளில் நடக்கிறது.

இந்த மதம் நமக்குப் புதிதல்ல. திருவேங்கடம் என்று பிறந்து வில்லியம் ராபர்ட்ஸ் ஆன தமிழர், 1813இல் புரசைவாக்கத்தில் ஆலயம் கட்டினார். வெள்ளைக்காரர்களிடம் வேலை பார்த்தவர். இங்கிலாந்து போனபோது, கடவுள் ஒருவரே, திரித்துவம் இல்லை என்னும் நூல்களைப் படித்தார். எந்த மிஷனும் அவரை அனுப்பவில்லை. எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

ஆனால் சிறிய சபைக்கு வசந்தம் பஞ்சாங்கப்படி வருவதில்லை. குமாஸ்தாவாக இருந்தவனுக்குச் சந்தாப் பட்டியலின் குணம் தெரியும். முதல் வருடம் முப்பது பெயர், ஐந்தாம் வருடம் ஆறு. பிறகு அந்த ஆறு பேரும் கோபித்துக்கொள்வார்கள், நியாயமாகவே. வசதியுள்ள ஒருவர் மட்டும் கொடுத்தாலோ, சபை அவர் வீட்டுத் திண்ணையாகிவிடும்.

ஆகவே என் யோசனை: பூவை எடுக்கும்போதே ஒரு வேலையையும் எடுத்துக்கொள்ளட்டும். ஒருவர் ஒழுகும் கூரையைப் பார்க்கட்டும், ஒருவர் கணக்கெழுதட்டும். பணமில்லாதவர் பெஞ்சு துடைக்கட்டும். அதையும் ரசீதுப் புத்தகத்தில் பெயரோடு எழுதுங்கள்.