தண்ணீர் எங்கே தேங்குகிறது?

உப்புநீர்த் தொட்டி வைத்தவர் முதலில் கேட்கும் கேள்வி மாறுவதே இல்லை: "சார், இதை எந்த உயரத்தில் வைக்கட்டும்?" கேட்கும்போதே கைபேசியில் ஒரு படம் திறந்திருக்கும். தொட்டியை மூன்றடுக்காகப் பிரித்து, மேலே மான்கொம்புப் பவளம், நடுவில் மூளைப் பவளம், அடியில் காளான் என்று போட்ட படம்.

அதில் மேல் இரண்டு அடுக்கும் நமக்கில்லை. பாறை கட்டும் வன்பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரும்பவளம், கடல்விசிறி, நெருப்புப் பவளமும் அப்படியே. புலி இருக்கிற அதே அட்டவணை. "இது வெளிநாட்டுச் சரக்கு" என்று விற்பவர் சொல்லலாம். அட்டவணை இனத்தின் பெயரைத்தான் பார்க்கிறது. வன்பவளத்துக்கு இடம் தேடும் வேலையைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் பார்த்துவருகிறார்கள். சிமென்ட் சட்டங்களில் துண்டுகளைக் கட்டிக் கடலடியில் இறக்குகிறார்கள். அந்த வளைகுடாவிலேயே 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போயின. கத்திரி வெயிலில் சில்லர் இல்லாமல் தொட்டி நடத்துகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

நம் கையில் மிஞ்சுவது மென்பவளங்களும் அவற்றின் பங்காளிகளும்: லெதர், காளான், சோவா, ஸ்டார் பாலிப், சீனியா. இவை நடுத்தர வெளிச்சத்திலேயே பிழைத்துக்கொள்ளும். ஆகவே உயரக் கணக்கு இவற்றுக்கு இரண்டாம்பட்சம். நான் பார்த்தவரை இவை சாவது தேங்கிய தண்ணீராலும் பக்கத்து வீட்டுக்காரராலும்தான்.

தேங்குவது என்றால் என்னவென்று பார்க்க நம் புதுச்சேரிக்காரர்கள் பீச் ரோடு வரை நடந்தால் போதும். 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு மணல் வரத்து நின்று, காந்தி சிலைப் பக்கம் கருங்கல் மட்டுமே மிஞ்சியது. பின்னர் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்.ஐ.ஓ.டி.) கடலுக்குள் ஆப்பு வடிவில் ஒரு தடுப்பை மூழ்கவிட்டது. அலை அதில் உடைந்து வேகம் இழந்தது. வேகம் இழந்த இடத்தில் மணல் இறங்கியது. இன்று குழந்தைகள் அங்கே கால் நனைக்கிறார்கள். தொட்டிக்குள்ளும் இதே நடக்கிறது, ஆனால் அங்கே இறங்குவது மணல் அல்ல, கழிவு. கரைக்கு வரம், பவளத்துக்குச் சாபம்.

ஒட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மீன் தீனியை விரலால் பொடித்து ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, வேவ்மேக்கர் (தண்ணீரை ஓடவைக்கும் பம்பு) ஓட, ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பொடி சுற்றிச்சுற்றி வந்து படுக்கிற மூலையில் எதையும் ஒட்டாதீர்கள். நேராகப் பீய்ச்சி அடிக்கிற இடமும் வேண்டாம். அங்கே சதை மடிந்து கிழியும்.

என் சொந்தக் கதை ஒன்று. உள்ளங்கை அகல லெதரை நடுப்பாறையில், லைட்டுக்கு நேர் கீழே வைத்தேன். காரணம் சொல்ல வெட்கம்தான்: கூடத்தில் உட்காருகிறவர்களுக்கு அங்கே வைத்தால் நன்றாகத் தெரியும். பத்தாவது நாள் சுருங்கிக்கொண்டது. மேலே மெழுகு போல ஒரு படலம். லெதர் அவ்வப்போது தோல் உரிக்கும், அது நோயல்ல. ஆனால் உரிந்ததை இழுத்துப்போக ஓட்டம் வேண்டும். ஓட்டம் இல்லாததால் படலம் ஒட்டியே கிடந்து, அதன்மேல் பாசி பிடித்தது. நானோ லைட்டை இரண்டு முறை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் வேவ்மேக்கரை நாலு விரற்கடை திருப்பினேன். மறுநாள் காலை படலம் பால் ஆடை போலக் கழன்று, கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மர் பக்கம் போயிருந்தது.

அண்டை வீட்டுச் சங்கதி. லெதர் தண்ணீரில் வேதிப்பொருள் கசியவிட்டுப் பக்கத்தில் இருப்பதை ஒடுக்கும். ஒரு சாண் இடைவெளி விடுங்கள், கார்பன் வடிகட்டி ஓடட்டும். ஸ்டார் பாலிப்பை நடுப்பாறையில் ஒட்டினால் வருடம் திரும்புவதற்குள் பட்டா அதன் பேருக்கு மாறிவிடும். அதற்கும் சீனியாவுக்கும் மணலில் தனிக் கல் கொடுங்கள். சோவாவை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சோவா ஒட்டிய கல்லில் கொதிநீர் ஊற்றவே கூடாது. அவற்றில் சில இனங்களில் உள்ள பாலிடாக்சின் ஆவியோடு மூச்சில் கலந்து, வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் வெளிநாடுகளில் உண்டு.

வைத்த பிறகு இரண்டு வாரம் கைவைக்காதீர்கள். தினம் ஓர் இடம் மாற்றுவது கெட்ட இடத்தைவிட மோசம்.

ஐப்பசி மழை தொடங்கினால் கரண்டு போகும். வெளிச்சம் ஒரு நாள் இல்லாவிட்டால் பவளம் பொறுத்துக்கொள்ளும். ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே பிராணவாயு குறையத் தொடங்கும். இன்வெர்ட்டரில் முதல் இணைப்பை லைட்டுக்குக் கொடுத்திருப்பவர்கள், இந்த வாரமே அதைக் கழற்றி வேவ்மேக்கருக்கு மாற்றிவிடுங்கள்.