மூச்சுக்கு வேலி இல்லை

கூலி உயர்வு கேட்டோம். குடியிருக்க நல்ல வீடு கேட்டோம். குழாய்த் தண்ணீர் கேட்டோம். மருந்தகமும் ஆயாக் கொட்டகையும் கேட்டோம். கேட்டவற்றுள் சில கிடைத்தன. சில இன்னும் கிடைக்கவில்லை. ஆனால், "சுவாசிக்க நல்ல காற்று வேண்டும்" என்று நமது கோரிக்கைப் பட்டியல்களில் எத்தனை முறை எழுதியிருக்கிறோம்?

காற்றுக்கு விலை இல்லை. சம்பளச் சீட்டில் அதற்கென்று ஒரு வரி இல்லை. ஆதலால் அது நமது உடைமை என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. அது கெட்டுப்போன பிறகுதான் அதன் அருமை தெரிகிறது. அப்படிக் கெட்டுப்போகும்போது முதலில் அடிபடுகிறவர் யார்? சன்னலை அடைத்துக்கொண்டு குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர் அல்லர். விடியுமுன் கத்தியும் வாளியுமாக மரத்தடிக்குப் போகிற பால்வெட்டுத் தொழிலாளிதான். திறந்த வெளியே அவனுடைய தொழிற்சாலை. அங்கே அவன் காலை முழுவதும் மூச்சு வாங்க வாங்க உழைக்கிறான். ஆகவே, காற்றைப் பற்றிய பேச்சு படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இதற்குப் பாடம் படிக்க நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை. ஈப்போவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது புக்கிட் மேரா.

ஈயச் சுரங்கங்கள் பேராவுக்குச் செல்வம் தந்தன என்பதை நாம் அறிவோம். அந்தச் சுரங்கங்கள் மிச்சம் வைத்த அமாங் மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதிலிருந்து அரிய மண் உலோகங்களைப் பிரித்தெடுக்க 1979-இல் ஏசியன் ரேர் எர்த் என்ற நிறுவனம் அமைந்தது. ஜப்பானின் மிட்சுபிஷி குழுமத்தைச் சேர்ந்த இரசாயன நிறுவனம் அதில் பெரும் பங்குதாரர்களுள் ஒன்று. 1982-இல் புக்கிட் மேராவில் ஆலை ஓடத் தொடங்கியது. பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவில் இருந்தது தோரியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் செல்லும். அதிலிருந்து எழும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண் எரிந்தால் புகை என்று தெரியும். மூக்கு அடைத்தால் தூசு என்று தெரியும். இது எதையும் காட்டாமல் நெஞ்சுக்குள் போகிற வாயு.

கழிவைப் பாப்பான் ஊரருகே குழி வெட்டிக் கொட்டப் போகிறார்கள் என்ற செய்தி 1983-இல் பரவியது. பாப்பான் மக்கள் சாலைக்கு வந்தார்கள். கிழவர், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். புக்கிட் மேரா மக்களும் விழித்துக்கொண்டார்கள். பேராக் கதிரியக்க எதிர்ப்புக் குழு உருவாயிற்று. பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் ஆலாம் மலேசியாவும் துணை வந்தன. ஜப்பானிலிருந்து பேராசிரியர் சதாவோ இச்சிக்காவா அளவுக் கருவியோடு வந்து, அனுமதிக்கத்தக்க அளவைவிடக் கதிரியக்கம் பல மடங்கு இருப்பதை 1984 டிசம்பரில் அளந்து சொன்னார். கனடாவிலிருந்து டாக்டர் ரோசலி பெர்ட்டல் வந்து நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்.

எண்ணிப் பாருங்கள்! ஆலை முதலாளியும் ஜப்பானியர். ஆலையின் தீங்கை அளந்து காட்டியவரும் ஜப்பானியர். நாட்டையும் இனத்தையும் வைத்து நண்பனையும் பகைவனையும் பிரிப்பது பிழை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

1985 பிப்ரவரியில் எட்டுக் குடியிருப்பாளர்கள் ஊர்மக்கள் அனைவருக்குமாக வழக்குத் தொடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஈப்போ உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1987-இல் ஆலை உரிமம் பெற்று மறுபடி இயங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் விசாரணை தொடங்கியபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அடுத்த மாதமே நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பிடிபட்டனர். கதிரியக்க எதிர்ப்புக் குழுவின் முன்னணியினரும், மக்கள் தரப்பு வழக்கறிஞர் மீனாட்சி இராமனும் அவர்களுள் அடங்குவர். ஆயினும் வழக்கு நின்றுவிடவில்லை.

1992 ஜூலை 11-ஆம் நாள் ஆலையை மூட வேண்டும் என்று ஈப்போ உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. நோய்க்கும் ஆலைக்கும் உள்ள தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்ற வாதமே அங்கு வென்றது. சட்டப்படி மக்கள் தோற்றார்கள். ஆனால் வென்ற நிறுவனமே 1994 ஜனவரியில் ஆலையை மூடுவதாக அறிவித்தது! பத்தாண்டு ஓயாத மக்கள் குரலுக்கு முன்னால் வெற்றித் தீர்ப்பும் அதற்குப் பயன்படவில்லை. பின்னர் அந்த இடத்தைத் துப்புரவு செய்து, கழிவைக் கிளேடாங் மலைப்பகுதியில் புதைக்க ஆன செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் என்று 2011-இல் செய்திகள் வெளியாயின. முதலிலேயே ஊராரைக் கலந்திருந்தால் இந்தச் செலவு ஏன்? அந்தப் பத்தாண்டு வேதனைதான் ஏன்?

நிற்க. இங்கே ஒரு கேள்வி எழும், எழத்தான் வேண்டும். "ஆலையை மூடு என்றால் அதில் வேலை செய்தவன் கதி என்ன? சங்கம் வேலையைக் காப்பதா, வேலைக்கு உலை வைப்பதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கூலியை நம்பிப் பிழைக்கிறவனுக்கு வேலையின் அருமை தெரியும். ஆனால், ஆலைக் காற்றை முதலில் சுவாசிப்பவன் யார்? ஊரான் வேலிக்கு அப்பால் நிற்கிறான். தொழிலாளி உள்ளே நிற்கிறான். ஊரானுக்குக் காற்றில் கலந்து வருவது தொழிலாளிக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அப்படியிருக்க, "ஊரான் உன் சோற்றில் மண் போடுகிறான்" என்று தொழிலாளியிடமும், "தொழிலாளி காசுக்காக உன்னைக் கொல்கிறான்" என்று ஊரானிடமும் சொல்லி இருவரையும் மோதவிடுவது முதலாளிக்குப் பழகிய வித்தை. சங்கம் ஒதுங்கி நின்றால் அந்த வித்தை பலிக்கும். சங்கம் ஊராரோடு ஒரே மேசையில் உட்கார்ந்தால் கோரிக்கை வேறாகிவிடும். தீங்கை நிறுத்து, நிறுத்தும் காலத்துக்குக் கூலி கொடு, மூடித்தான் ஆக வேண்டுமென்றால் மாற்று வேலையும் நட்ட ஈடும் கொடு. இதுதான் நாம் எழுப்ப வேண்டிய முழக்கம்.

ஆலைப் புகை ஓர் ஊரைத்தான் பிடித்தது. புகைமூட்டமோ நாடுகளையே பிடிக்கிறது. 1997-இல் சரவாக்கில் அவசரகாலம் அறிவிக்கும் அளவுக்கு மூண்டது. 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டியது. 300-க்கு மேல் போனாலே அபாயம் என்பது கணக்கு. 2019 செப்டம்பரில் பள்ளிகள் மூடப்பட்டன. "இந்தோனேசியாக்காரன் கொளுத்துகிறான்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் 2019-இல் அந்நாட்டு அரசு முத்திரையிட்ட தோட்டங்களுள் மலேசிய நிறுவனங்களோடு தொடர்புடையவையும் இருந்தன. அங்கே அந்தப் புகைக்குள் நின்று உழைத்தவனும் நம்மைப் போன்ற தோட்டத் தொழிலாளிதான். ஆசியான் நாடுகள் 2002-இல் புகைமூட்ட ஒப்பந்தம் செய்தன. இந்தோனேசியா அதை ஏற்று உறுதி செய்ய 2014 வரை ஆயிற்று. அரசுகள் மெல்ல நடக்கும். அவற்றை விரைந்து நடக்கச் செய்வது மக்கள் அமைப்புகளின் வேலை.

உலகம் இதைத்தான் காட்டுகிறது. 1952 டிசம்பரில் இலண்டன் மாநகரை நிலக்கரிப் புகை மூடியபோது சுமார் 4,000 பேர் மாண்டதாக அன்று கணக்கிட்டார்கள். பிந்திய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956-இல்தான் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. தமிழகத்தின் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் செம்பு ஆலையை எதிர்த்த மக்கள்மீது 2018 மே மாதத்தில் போலீசார் சுட்டதில் 13 பேர் உயிர் இழந்தனர். அதற்குப் பிறகே ஆலையை மூட ஆணை வந்தது. 2022 ஜூலையில் ஐக்கிய நாட்டுப் பொதுச்சபை தூய்மையான சுற்றுச்சூழல் மனித உரிமை என்று தீர்மானித்தது. காற்று மாசினால் ஆண்டுக்குச் சுமார் 70 இலட்சம் பேர் அகால மரணம் அடைகின்றனர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உயிர்ப்பலிக்குப் பிறகே சட்டம் வரும் என்ற இந்தக் கொடுமையை மாற்ற வேண்டாமா?

என்ன செய்யலாம்? நான்கு காரியங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, கணக்கு. புக்கிட் மேராவில் அளவுக் கருவி வந்த பிறகே பேச்சுக்குப் பலம் வந்தது. நமது கிராணிமார் அன்றாடம் பால் எடையை எழுதுகிறார்கள். அதே கையால் அன்றைய காற்றுக் குறியீட்டையும், இருமல் மூச்சிரைப்பு என்று மருந்தகம் போனவர் எத்தனை பேர் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வரட்டும். ஓராண்டுக் கணக்கு கையில் இருந்தால் நிர்வாகம் நம் வாயை அடைக்க முடியாது.

இரண்டாவது, ஒப்பந்தம். திருத்தப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி அபாயம் நேர்ந்து, முதலாளி அதை நீக்கத் தவறினால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம் என்ற உரிமையை அது தந்திருக்கிறது. குறியீடு எந்த அளவைத் தாண்டினால் வெட்டு நிறுத்தம், அன்றைய கூலி எவ்வளவு, முகக்கவசம் யார் செலவு என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். வயிறா மூச்சா என்று தொழிலாளி தனியே நின்று தவிக்கக் கூடாது.

மூன்றாவது, ஒற்றுமை. பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் பல. தோட்டமே போய்த் தாமான் வந்த இடங்களும் பல. நம்மவர் இன்று ஈப்போவின் ஆலைகளிலும் அடுக்குவீடுகளிலும் இருக்கிறார்கள். ஆலயக் குழுவும், பள்ளிவாசல் குழுவும், புதுக்கிராமத்துச் சீனர் சங்கமும், கம்போங் மக்களும், நமது கிளையும் ஒன்றாக உட்காரலாம். சிதறிக் கிடந்த தோட்டத் தொழிற்சங்கங்கள் 1954-இல் ஒன்றானபோது நமக்குக் கிடைத்த பலத்தை மறந்துவிட வேண்டாம்.

நான்காவது, நம் கை. வீட்டுக்குப் பின்னால் குப்பையையும் பிளாஸ்டிக்கையும் குவித்துக் கொளுத்துகிற வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அந்தப் புகையை முதலில் குடிப்பது நம் குழந்தை. திறந்தவெளி எரிப்பு சட்டப்படியும் குற்றம். குப்பை வண்டி ஒழுங்காக வரவேண்டும் என்று போராடுவோம். நாமும் தீக்குச்சியைக் கீழே போடுவோம்.

தோழர்களே! தோட்டத்துக்கு எல்லைக்கல் உண்டு. நாட்டுக்கு எல்லைக்கோடு உண்டு. மூச்சுக்கு வேலி இல்லை. ஆகவே, அதைக் காக்கும் முயற்சிக்கும் இனம், மொழி, ஊர் என்ற வேலிகள் வேண்டாம். அடுத்த கிளைக் கூட்டத்தில் கூலிக் கோரிக்கைக்குக் கீழே, "நல்ல காற்று" என்று இன்னொரு வரியையும் எழுதுங்கள்.