ஒரு கட்டிலுக்கு 867 லாரிகள்

ஐந்து என்ற எண் பத்தாக மாறியிருக்கிறது. இந்த மாற்றத்தைப் பற்றி எந்த விவாத மேடையிலும் ஒரு வார்த்தை பேசப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை வைத்து சம்பளம், கிராஜுவிட்டி, ஆட்குறைப்பு என்று நிறையப் பேசினோம். லாரி ஓட்டுநர் ராத்திரியில் வண்டியை எங்கே நிறுத்தி எங்கே படுப்பார் என்று மட்டும் கேட்கவில்லை.

1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தின் 9-வது பிரிவு அதைக் கேட்டிருந்தது. இரவில் தங்க நேரும் இடங்களில் ஓய்வறை அமைத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று அது தெளிவாகச் சொன்னது. ஐந்து தொழிலாளர்கள் இருந்தாலே அந்தச் சட்டம் பொருந்தும். இன்று அது பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச் சூழல் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. ஓய்வறை என்ற சொல் எப்படியோ தப்பிப் பிழைத்திருக்கிறது. வரம்புதான் ஐந்திலிருந்து பத்துத் தொழிலாளர்களாக ஏறிவிட்டது. மூன்று லாரி வைத்திருக்கும் ஒரு சிறு உரிமையாளரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று டிரைவர், மூன்று கிளீனர், ஆக ஆறு பேர். நேற்றுவரை சட்டத்துக்குள் இருந்த ஆறு பேரும் இன்று வெளியே நிற்கிறார்கள். இந்நாட்டின் லாரித் தொழிலில் பெரும்பான்மையோர் இப்படிப்பட்ட சிறு உரிமையாளர்கள்தாம். அப்படியானால் வெளியே தள்ளப்பட்டவர்கள் எத்தனை லட்சம் பேர் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

பழைய சட்டத்தை யார் மதித்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மதிக்கப்படாத சட்டமும் நாளைக்கு ஒரு வழக்குக்குப் பிடிமானமாக இருக்கும். அந்தப் பிடிமானமும் இப்போது கையைவிட்டுப் போய்விட்டது.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டினால் ஆத்தூர். வெற்றிலைக்காக 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர். பகலில் கொடிக்காலும் வாழைத் தோட்டமுமாகக் குளிர்ந்து கிடக்கும் இந்தச் சாலை, இரவு பதினோரு மணிக்கு மேல் லாரிகளின் படுக்கையறை ஆகிவிடும். ஆறுமுகநேரி உப்பு, சாகுபுரத்து ரசாயனம், உடன்குடி அனல் மின்நிலையத்துக்கும் குலசேகரன்பட்டினத்து ராக்கெட் ஏவுதளத்துக்குமான கட்டுமானச் சாமான், துறைமுகத்துக் கன்டெய்னர் என்று எல்லாம் இதன் மேல்தான் உருளுகின்றன.

சென்ற மாதம் இரவு இரண்டு மணி அளவில் ஊருக்குத் திரும்பும்போது பாலத்தைத் தாண்டி ஒரு டிரெய்லர் நிற்பதைப் பார்த்தேன். ஐம்பது அடிக்குக் குறையாத வண்டி. பாதி உடல் மண்ணிலும் பாதி தாரிலுமாக நின்றது. பின் சக்கரத்துக்கு அணைவாக இரண்டு கருங்கல். பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கையாக ஒரு வேப்பங்கொப்பு. ஓட்டுநர் கேபினில் படுக்கவில்லை. டீசல் டேங்க்கை ஒட்டி, தார்ப்பாயை மடித்துப் போட்டுத் தரையில் படுத்திருந்தார். ஒரு கை டேங்க் மூடியின் மேல் இருந்தது. நான் நின்றதும் விழித்துக்கொண்டார். கையில் கம்பி இருந்தது. திருடன் இல்லை என்று புரிந்த பிறகுதான் பேசினார்.

“தூங்குனா டீசல் போயிரும், தூங்காட்டா உசுரு போயிரும். நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, எதை விடச் சொல்லுதிய?”

விளாத்திகுளத்துப் பக்கத்துக்காரர். அந்த வாரத்தில் மட்டும் இரண்டு முறை சாலையோரம் நிறுத்தியதற்காக அபராதம் கட்டியிருந்தார். பெட்ரோல் பங்க்கில் நிறுத்தலாமே என்றேன். “டீசல் போட்டா நிக்க விடுவாங்க. ஓனரு போன வாரமே முழு டேங்க் போட்டுட்டாரு” என்றார். அந்தக் கேபினில் ஏ.சி. இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. நல்ல விதிதான். ஆனால் இன்ஜின் ஓடினால்தான் அந்த ஏ.சி. ஓடும். நிறுத்திய வண்டியில் இரவு முழுக்க இன்ஜினை ஓட்டிக்கொண்டே தூங்க எந்த முதலாளி டீசல் தருவார்? ஓடும்போது குளிர்ச்சி கொடுத்தோம். நின்று தூங்க இடம் கொடுத்தோமா?

கொடுத்திருக்கிறோம் என்கிறது பெட்ரோலிய அமைச்சகம். ‘அப்னா கர்’ என்ற பெயரில் பெட்ரோல் பங்க்குகளில் ஓட்டுநர் ஓய்வில்லங்கள் திறக்கப்பட்டிருக்கின்றன. 2025 ஜூலைக் கணக்கின்படி 368 இல்லங்கள், 4,611 படுக்கைகள். பாராட்டுவதற்கு முன் ஒரு வகுத்தல் கணக்குப் போடுவோம். நிதி ஆயோக்கின் 2022 அறிக்கைப்படி இந்தியாவில் ஓடும் லாரிகள் ஏறத்தாழ 40 லட்சம். நாற்பது லட்சத்தை 4,611-ஆல் வகுத்தால் 867. ஒரு கட்டிலுக்கு 867 லாரிகள்! ஒவ்வொரு ஓட்டுநரும் முறைவைத்துப் படுத்தால், ஒருவருக்கு ஏறத்தாழ 2.4 ஆண்டுக்கு ஒரு முறைதான் மெத்தை கிடைக்கும். அதே நிதி ஆயோக், 2050-இல் லாரிகள் 1.7 கோடியாகும் என்கிறது. கட்டில் கூடாவிட்டால் அன்றைய கணக்கு 3,687.

இந்த எண்ணை நான் எங்கு சொன்னாலும், எல்லா லாரியும் ஒரே இரவில் நிற்பதில்லையே என்று சிலர் மடக்குவார்கள். சரி, பத்தில் ஒன்றுதான் நிற்கிறது என்றே வையுங்கள். அப்போதும் ஒரு கட்டிலுக்கு 87 லாரிகள். எப்படி வகுத்தாலும் வெட்கக்கேடு மாறப்போவதில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். 2009-இல் தென் கரோலினாவில் பால் ஏற்றிச் சென்ற ஜேசன் என்ற இளம் ஓட்டுநர் குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். சரக்கு இறக்கும் இடத்தில் காத்திருக்க வழி இல்லை. மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஒதுக்கினார். ஏழு டாலருக்காக அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். வயிற்றில் இரட்டைக் குழந்தைகளோடு இருந்த அவர் மனைவி சும்மா இருக்கவில்லை. அவருடைய போராட்டத்தால் 2012-இல் ‘ஜேசன் சட்டம்’ வந்தது. எந்தெந்த மாகாணத்தில் லாரி நிறுத்த எத்தனை இடம் இருக்கிறது என்று அரசே எண்ணிப் பார்க்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். எண்ணினார்கள்: சுமார் 3,13,000 இடங்கள். பதினொரு ஓட்டுநருக்கு ஓர் இடம்தான் என்று அங்குள்ள லாரித் தொழில் சங்கம் இன்றும் போராடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். பாதுகாப்பான இரவு நிறுத்துமிடங்களை வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். அப்படியும் ஒரு லட்சம் இடங்கள் குறைகின்றன என்று ஒப்புக்கொள்கிறார்கள். நாம் குறையை ஒப்புக்கொள்வது இருக்கட்டும், இன்னும் எண்ணவே தொடங்கவில்லை.

இதற்கெல்லாம் நிலம் எங்கே, பணம் எங்கே என்று கேட்கும் அதிகாரிகளுக்கு நான் இரண்டு எண்களை மட்டும் நினைவூட்டுகிறேன். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தின் வெளித்துறைமுகக் கன்டெய்னர் முனையத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டபோது சொல்லப்பட்ட மதிப்பு சுமார் 7,056 கோடி ரூபாய். 2025 ஜூலையில் திறக்கப்பட்ட ஆறுவழித் துறைமுகச் சாலையின் நீளம் 5.16 கிலோமீட்டர், செலவு சுமார் 200 கோடி. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 39 கோடி கொட்ட முடிந்த அரசிடம், ஒரு ஏக்கர் தரிசைச் சமன்செய்து வேலி போடக் காசில்லை என்றால் சின்னப் பிள்ளையும் நம்பாது. துறைமுக வாசலில் இடம் ஒதுக்கினோமே என்பார்கள். வாசலில் காத்திருப்பது முறைக்காக. ஓட்டுநருக்குக் கண் சொருகுவது வழியில்.

டிரைவர் என்றால் வண்டியில்தான் படுப்பான் என்று சொல்லும் முதலாளிகளோடு விவாதம் செய்ய எனக்கு விருப்பமில்லை. தங்கள் பிள்ளையை அப்படிப் படுக்கவிட அவர்கள் சம்மதிக்கட்டும், பிறகு பேசுவோம். எங்கள் ஊருக்குள் லாரி வேண்டாம் என்று மனுக் கொடுக்கும் குடியிருப்போருக்கும் அதே பதில்தான். உங்கள் வீட்டுக்கு உப்பு எதில் வருகிறது?

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. கேரளம் 2021-இல் ‘கேரவன் கேரளா’ என்று அறிவித்து, சுற்றுலாப் பயணிகள் இரவில் வண்டி நிறுத்த மின்சாரம், தண்ணீர், காவலோடு பூங்காக்களை ஊக்குவித்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு இடம் உண்டு. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வரட்டும். ஆனால் உல்லாசத்துக்காக வீட்டையே வண்டியில் கட்டி இழுத்து வருகிறவருக்கு ராத்திரி தங்கப் பூங்கா. பிழைப்புக்காக நாட்டின் சரக்கை இழுத்து வருகிறவருக்கு அபராத ரசீது. இப்படிப் பிரிக்க நமக்கு எப்படி மனம் வந்தது?

இது ஓட்டுநரின் தூக்கத்தோடு முடிகிற பிரச்சினை இல்லை. 2023 செப்டம்பர் 6 அன்று சேலம் மாவட்டம் சங்ககிரி அருகே நின்ற லாரியின் பின்னால் ஆம்னி வேன் மோதியது. ஒரு வயதுக் குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள். 2025 நவம்பர் 2 அன்று ராஜஸ்தானின் பலோதி மாவட்டத்தில், கோயிலுக்குப் போய்த் திரும்பிய வேன் நின்றிருந்த டிரெய்லரில் மோதி 15 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2022-இல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105, நாட்டிலேயே அதிகம். மரணங்கள் 17,884.

திருச்செந்தூர்ச் சாலைக்கு இதில் தனி அபாயம் உண்டு. தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம் என்று வந்துவிட்டால் பச்சை வேட்டியும் காவியுமாக ஆயிரக்கணக்கானோர் இந்தச் சாலையில் இரவு முழுக்க நடக்கிறார்கள். வெயிலுக்குப் பயந்து இரவில் நடப்பவர்கள். சாலையோர மண் தடத்தில்தான் அவர்கள் வர வேண்டும். அங்கே டிரெய்லர் நின்றால் என்ன செய்வார்கள்? தாருக்கு ஏறுகிறார்கள். எதிரில் பேருந்து வருகிறது. பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு தாய் அந்த இரண்டு அடி இடைவெளியில் ஒதுங்கியதை நானே பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்க்கும் டேங்க் மூடியில் கைவைத்துத் தூங்கியவருக்கும் இடையே பகை எதுவும் இல்லை. இருவரையும் ஒரே மண் தடத்தில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது அரசு.

நம் முன்னோர் இவ்வளவு மோசமாக இல்லை. மாட்டுவண்டிக் காலத்தில் ஊர்தோறும் வண்டிப்பேட்டை இருந்தது. மாட்டை அவிழ்த்துக் கட்ட இடம், தண்ணீர்த் தொட்டி, வண்டிக்காரர் படுக்கத் திண்ணை. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே வண்டிப்பேட்டை அமைக்க வழி இருந்தது. இந்த மன்னார் வளைகுடாக் கரைகளில் முத்துச் சலாபம் நடந்த நாட்களில், முத்துக் குளிப்பவர்களுக்கும் வணிகர்களுக்கும் மணலில் ஓலைக்கொட்டகை ஊரே எழும்பும். குடிநீர், காவல், ஆஸ்பத்திரி எல்லாம் அரசே ஏற்பாடு செய்யும். ஒரு சில வாரங்களே நடக்கும் சலாபத்துக்கு அத்தனை ஏற்பாடு, அதுவும் வெள்ளைக்காரன் ஆட்சியில். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு ஓய்ந்தது. அதே 1961-இல்தான் ஓட்டுநருக்கு ஓய்வறை தரச் சொன்ன சட்டமும் வந்தது. முத்து போன இடத்தில் இப்போது ஆண்டுக்கு நான்கு கோடி டன்னுக்கு மேல் சரக்கு ஏறி இறங்குகிறது. அதைச் சுமப்பவருக்கு ஓர் ஓலைக்கொட்டகைகூட இல்லை.

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். இன்றைய நெடுஞ்சாலையில் காசு வாங்குவதற்கு மட்டும்தான் சாவடி இருக்கிறது.

செய்ய வேண்டியது கடினமே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவு, உள்ளாட்சியைக் கலந்து வாகன நிறுத்துமிடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. சாலையோரம் நிறுத்தினால் அபராதம் போடும் பிரிவுகள் மட்டும் தினமும் வேலை செய்கின்றன. இடம் கொடுக்க அதிகாரம் தரும் 117 தூங்குகிறது. நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு பேட்டை போதும். என் கணக்கில் ஒரு ஏக்கரில் இருபது டிரெய்லர் தாராளமாக நிற்கும். விளக்கு, வேலி, காவலுக்கு இருவர், கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், சமைத்துக்கொள்ள ஒரு கொட்டகை. கட்டணத்தைப் பேரூராட்சியே வசூலித்துக்கொள்ளட்டும். ஓட்டுநர்கள் மறுக்க மாட்டார்கள்.

அதுவரை, பேட்டை இல்லாத சாலையில் இரவில் ஒதுங்கி நின்ற எந்த லாரிக்கும் அபராதம் விதிக்கக் கூடாது. பேட்டை திறக்காத நெடுஞ்சாலையில் சுங்கமும் வாங்கக் கூடாது. படுக்க இடம் தராத அரசுக்குப் படுத்தவரிடம் தண்டம் கேட்க உரிமை இல்லை.

முதல் பேட்டை ஆத்தூரில் அமையட்டும். தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே, ஆற்றங்கரையில், இதைவிடப் பொருத்தமான ஊர் இந்தச் சாலையில் இல்லை. அடுத்த கந்த சஷ்டிக்கு முன் அதைத் திறந்துவிட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.