சுருக்கக் கூடாத நாள்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், கொத்தனார் ஒருவர் தம் மகனுடன் நம்மைக் காண வந்தார். மகன் சிவில் பொறியியலில் பட்டம் பெற்று, இரண்டாண்டு வேலையும் பார்த்தவன். இப்பொழுது பல்கலைக்கழகத்தில் கட்டுமான மேலாண்மை முதுநிலைப் படிப்புக்கு அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆயினும் தந்தையின் முகத்தில் மகிழ்ச்சியைவிடக் கலக்கமே மிகுந்திருந்தது.

"சாமி, முப்பது வருஷமாக நான் நின்றுகொண்டே செய்கிற வேலையை, இவன் இன்னும் இரண்டு வருஷம் உட்கார்ந்து படிக்க வேண்டுமாம். வீட்டில் கல்யாண வயதில் தங்கை இருக்கிறாள். வருகிற சம்பளத்தை விட்டுவிட்டுக் கடன் வாங்கிப் படிக்கிற அளவுக்கு அதில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று எழும் கேள்வியும்கூட. ஆதலால் அவருக்கு அன்று சொன்னதை இம்மாதம் வாசகர்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

ஒரு தூண் எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும், அதில் எத்தனை கம்பிகள் வேண்டும் என்று கணக்கிடுவது பொறியியலின் ஒரு பகுதி. அத்தூணை எந்நாளில், எத்தனை பேரைக் கொண்டு, என்ன செலவில், எவருக்கும் தீங்கு நேராமல் எழுப்புவது என்று கணக்கிடுவதே கட்டுமான மேலாண்மை. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இது தனி முதுநிலைப் படிப்பாக உள்ளது. 1983இல் இத்துறைக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் தொடங்கப்பட்டது. கால அட்டவணை, செலவு மதிப்பீடு, ஒப்பந்தச் சட்டம், தரக் கட்டுப்பாடு, இயந்திரங்களைப் பயன்படுத்தும் முறை, தொழிலாளர் பாதுகாப்பு ஆகியவை இதன் பாடங்கள்.

இவற்றுள் கால அட்டவணையை மட்டும் ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு வீட்டுக்கு அடித்தளம் 15 நாள், சுவர் 20 நாள், சென்டரிங் அடித்துக் கம்பி கட்டித் தளம் போட 10 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. ஆக 45 நாள். கதவுகளைச் செய்யத் தச்சருக்கு 25 நாள் வேண்டும். அவர் முதல் நாளே தொடங்கத் தேவையில்லை. 20 நாள் பிந்தித் தொடங்கினாலும் தளம் முடியும்போது அவர் வேலையும் முடிந்துவிடும். ஆனால் அடித்தளம் ஒரு நாள் தாமதித்தால் வீடே ஒரு நாள் தாமதிக்கும். எந்த வேலை காத்திருக்கலாம், எது காத்திருக்கலாகாது என்று இவ்வாறு பிரித்தறியும் முறையை, 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தின் பணிகளுக்காக வாக்கர், கெல்லி என்னும் இருவர் வகுத்தனர். 'கிரிட்டிக்கல் பாத் முறை' என்பது அதன் பெயர். ஆயிரக்கணக்கான வேலைகள் பின்னிக் கிடக்கும் பெரும் பணிகளில் இக்கணக்கின்றி ஓரடியும் வைக்க இயலாது.

கணக்கிடாமல் தொடங்கினால் நேர்வது என்ன? ஆஸ்திரேலியாவின் சிட்னி ஆப்பரா மாளிகையைப் பாருங்கள். அதன் கூரையை எவ்வாறு கட்டுவது என்று முடிவாகுமுன்பே 1959இல் பணி தொடங்கப்பட்டது. எழுப்பிய தூண்கள் கூரையின் பாரத்தைத் தாங்கமாட்டா என்று பின்னர் தெரிந்து, அவற்றை மீண்டும் கட்ட நேர்ந்தது. 70 இலட்சம் டாலரில் 1963இல் முடியுமென எதிர்பார்த்த வேலை, 10 கோடியே 20 இலட்சம் டாலர் விழுங்கி 1973இல் முடிந்தது. கோபுரம் கட்ட விரும்பியவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா நற்செய்தியில் நம் ஆண்டவர் கூறும் உவமையை வாசகர்கள் அறிவார்கள். "உட்கார்ந்து படிப்பதும் வேலைதான்" என்று கொத்தனாரிடம் சொன்னோம். அவர் சிரித்தார்.

ஆனால் காலத்தைச் சுருக்குவது மட்டுமே மேலாண்மை என்று நினைத்தால் அது பெரும் பிழை. சுருக்கக் கூடாத நாள்களும் உண்டு. நம் நாட்டுக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்ட் கொண்டு போட்ட தளத்தைக் குறைந்தது 7 நாளேனும், வறண்ட வெப்பக் காலத்தில் 10 நாளேனும் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. அத்தளத்தின் அகலம் நாலரை மீட்டருக்குள் இருந்தால் அடியில் நிற்கும் முட்டுகளை 7 நாளுக்குப் பிறகும், அதற்கு மேற்பட்டால் 14 நாளுக்குப் பிறகுமே எடுக்கலாம். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்துக்கு 21 நாள் பொறுக்க வேண்டும். கான்கிரீட் யாருடைய அவசரத்துக்காகவும் முன்னதாக இறுகுவதில்லை.

1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் வில்லோ ஐலண்ட் என்னுமிடத்தில், மின் நிலையத்துக்குக் குளிர்விப்புக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. நாளுக்கு ஒரு வளையமாகக் கான்கிரீட் இடுவார்கள். வேலையாள்கள் நிற்கும் சாரத்தை அக்கான்கிரீட்டிலேயே பிணைத்திருந்தார்கள். முந்திய நாள் இட்ட வளையம் போதிய வலுவடைந்திருக்கவில்லை. அது பெயர்ந்து சாரத்தோடு சரிந்தது. ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்த 51 பேரும் மாண்டனர். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உறவினர் பலர் அவர்களுள் இருந்தனர்.

இதைச் சொல்லி முடித்தபோது கொத்தனார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "சாமி, இவன் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் நடந்தது. ஒரு பெரிய வீட்டு வேலை. புதுமனை புகுவிழாவுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். ஒன்பதாம் நாளே முட்டைப் பிரிக்கச் சொன்னார்கள். பதினான்கு நாள் ஆக வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல நான் யார்? சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. பிரித்தோம். தளத்தின் ஒரு மூலை இறங்கிவிட்டது. கீழே நின்ற சித்தாள் ஒருத்திக்கு இடுப்பில் அடி. அவள் இன்றைக்கும் எழுந்து நடப்பதில்லை."

மகன் தந்தையைத் திரும்பிப் பார்த்தான். இச்செய்தியை அவன் அதுவரை கேட்டதில்லை என்று அவன் முகமே கூறியது.

தந்தையின் கேள்விக்கு விடை தந்தையிடமே இருந்தது. முட்டு எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பது அந்தக் கொத்தனாருக்குத் தெரியும். அதைச் சொல்லும் இடம்தான் அவருக்கு வாய்க்கவில்லை. கட்டட உரிமையாளரும் ஒப்பந்தக்காரரும் அவசரப்படுத்தும்போது, கணக்கைக் காட்டி "முடியாது" என்று சொல்லக்கூடிய நாற்காலி ஒன்று உண்டு. அந்த நாற்காலிக்கு ஒருவனை ஆயத்தப்படுத்துவதே இப்படிப்பு. கட்டடத் தொழிலாளரின் பாதுகாப்புக்கென 1996இல் நடுவண் அரசு தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் சட்டம் தானாக நடந்து வந்து சாரத்தில் ஏறாது. அதை அறிந்தவன் ஒருவன் களத்தில் நின்று கடைப்பிடிக்கச் செய்ய வேண்டும்.

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. 'மேலாளர்' என்னும் பெயருக்காகவும் குளிரூட்டிய அறைக்காகவும் பிள்ளைகளை இப்படிப்பில் சேர்க்காதீர்கள். வெயிலும் புழுதியும் இதில் உண்டு. முடிந்தால் ஓரிரண்டு ஆண்டு களத்தில் வேலை பார்த்த பிறகு சேர்வது நலம்; பாடம் அப்பொழுதுதான் உயிர் பெறும். கடன் வாங்குமுன் கட்டணம் முழுவதையும், திருப்பிச் செலுத்தும் தவணையையும் குடும்பமாக அமர்ந்து கணக்கிடுங்கள். மாணவர்களே, பட்டம் பெற்றபின் கொத்தனாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்படாதீர்கள். நூலில் இருப்பதும் அவர் கையில் இருப்பதும் ஒன்றே.

அந்த இளைஞன் படிப்பில் சேர்ந்துவிட்டான். கட்டணத்தின் முதற்பகுதியைச் செலுத்திய அன்று தந்தையும் மகனும் மறுபடி வந்திருந்தனர். விடைபெறும்போது கொத்தனார் மகனிடம் சொன்னது நம் காதிலும் விழுந்தது.

"நீ எவ்வளவு பெரிய ஆளானாலும் ஆகு. முட்டுப் பிரிக்கிற நாளை மட்டும் யாருக்காகவும் மாற்றாதே."