தண்ணிப் பிரச்சினை கதை இல்லை, கண்ணு!

"கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம்ப்பா, அனிமேஷன் படிக்கிறேன்" என்று பிள்ளை சொன்னால் நம் வீடுகளில் இரண்டே எதிர்வினைதான். ஒன்று, "பொம்மைப்படம் வரையறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்ற புலம்பல். இன்னொன்று, நல்ல லேப்டாப், வரையும் டேப்லெட், மென்பொருள் எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு "இனி உன் பாடு" என்று ஒதுங்கிக்கொள்வது. இரண்டுமே பிள்ளைக்கு உதவாது என்பது என் கட்சி. படிப்பின் கடைசி வருடத்தில் ஒரு குறும்படம் எடுக்கச் சொல்வார்கள். அதில் அப்பா அம்மாவால் நிஜமாகவே உதவ முடிகிற இடம் ஒன்று உண்டு. படம் அசையத் தொடங்குவதற்கு முன்னால் வரும் சில மாதங்கள்தான் அது. முதல் யோசனையிலிருந்து கடைசி பிட்ச் வரை.

பிட்ச் என்றால் ஏதோ விற்பனைப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ஆசிரியர்கள் முன்னால், சில கல்லூரிகளில் ஸ்டுடியோக்காரர்கள் முன்னால், கொஞ்ச நேரம் நின்று, "இதுதான் என் கதை, இப்படித்தான் இருக்கும், இதனால்தான் எடுக்கிறேன்" என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பின்னால் இருக்கிற உழைப்புதான் படத்தின் தலையெழுத்து.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் நொடிக்கு 12 படம். 3 நிமிடக் குறும்படத்துக்கு 180 நொடி, 2160 படம். ஒரு மாணவர் நாளுக்கு 20 படம் முடிக்கிறார் என்று வையுங்கள், 108 நாள். அதுவும் ஒரே ஒரு பாத்திரம் அசைவதற்கு மட்டும். பின்னணி, வண்ணம், ஒலி எல்லாம் தனி. இப்போது கதையில் தேவையில்லாத 30 நொடியைத் தொடக்கத்திலேயே வெட்டிவிட்டால் 360 படம் மிச்சம், அதாவது 18 நாள். அதே 30 நொடி தேவையில்லை என்று வரைந்து முடித்த பிறகு தெரிந்தால்? 18 நாள் தூக்கம் போனதுதான் மிச்சம்.

வாலஸ் அண்ட் க்ரோமிட் படங்களை எடுத்த நிக் பார்க், அவர்களின் முதல் படமான 'எ கிராண்ட் டே அவுட்'டை இங்கிலாந்தின் தேசியத் திரைப்படப் பள்ளியில் மாணவராக இருந்தபோது 1982இல் தொடங்கினார். முடிந்தது 1989இல். நடுவில் ஆர்ட்மேன் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து, அவர்கள் கைகொடுத்துத்தான் முடிந்தது. படம் 23 நிமிடம். அவருக்குக் காலமும் துணையும் கிடைத்தன. நம் பிள்ளைகளுக்கு ஒரே வருடம்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நான் பார்த்தவரை மாணவர்கள் தடுக்கி விழுகிற முதல் இடம், விஷயத்தையும் கதையையும் குழப்பிக்கொள்வது. எங்கள் எருத்தேன்பதியையே எடுத்துக்கொள்கிறேன். பாலக்காடு என்றாலே பச்சைப்பசேல் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கும் எங்கள் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். எருத்தேன்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை எல்லாம் தண்ணீருக்கு வானத்தையும், ஆழ்துளைக் கிணற்றையும், அணையையும் மாறி மாறிப் பார்க்கும் ஊர்கள். பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு வருடம் 7.25 டிஎம்சி தர வேண்டும். அது 1970இல் கையெழுத்தான ஒப்பந்தம். ஐம்பது வருடம் தாண்டியும் பேச்சு ஓயவில்லை.

இதைக் கேட்டதும் ஒரு பிள்ளை, "தண்ணிப் பிரச்சினை பற்றிப் படம் எடுக்கிறேன்" என்று சொல்லும். நல்ல மனசு. ஆனால் கண்ணு, அது கதை இல்லை, தலைப்பு. கால்வாயில் தண்ணீர் திறந்துவிடும் இரவில், மடையடியில் காவலுக்கு உட்கார்ந்த பாட்டிக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. இது கதை. யார், என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டது. இந்த ஒரு வரியைத்தான் அவர்கள் லாக்லைன் என்கிறார்கள். இந்த வரி நிற்கவில்லை என்றால் மேலே எத்தனை வண்ணம் பூசினாலும் நிற்காது.

அதற்குப் பிறகு வருவதெல்லாம் இந்த வரியைச் சோதித்துப் பார்க்கிற படிகள். பாட்டியை முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று வரைந்து பார்ப்பது; தூங்கும்போது அந்த உடம்பு எப்படிச் சாயும் என்று பார்ப்பது. பிறகு ஸ்டோரிபோர்டு, அதாவது கட்டம் கட்டமாகக் கதையை வரைந்து சுவரில் ஒட்டுவது. பிறகு அனிமேட்டிக். அந்தக் கட்டங்களையே நேரக்கணக்குப்படி அடுக்கி, தற்காலிகமாக ஒலி சேர்த்து ஓட்டிப் பார்ப்பது. பாட்டி மூன்று முறை கொட்டாவி விடுகிறாளா, இரண்டு போதுமா என்பது இங்கேதான் தெரியும். வெட்ட வேண்டியதை வெட்டுகிற இடம் இதுதான், ஏனென்றால் இங்கே வெட்டினால் ரத்தம் வராது :-)

பெற்றோர் உட்கார வேண்டிய இடமும் இதுதான். அந்த அனிமேட்டிக்கைப் பார்த்துவிட்டு "சூப்பர்டா" என்று சொல்லாதீர்கள். "எனக்கு எங்கே போரடிச்சது, எங்கே புரியலை" என்று சொல்லுங்கள். அதற்கு அனிமேஷன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஊரில் கதை கேட்டு வளர்ந்திருந்தால் போதும்.

பிட்ச் அறையில் தவறாமல் வரும் கேள்விகள் இரண்டு. "இதை ஏன் நீ எடுக்க வேண்டும்?" "இது யாருக்காக?" நியான் விளக்கு நகரமும் வாள்வீச்சும் நிறைந்த போர்ட்ஃபோலியோவோடு நிற்கும் நம் பிள்ளைகள் முழிப்பது இங்கேதான். கை நன்றாக வரையும். ஆனால் வரைந்ததில் தன்னுடையது எதுவும் இருக்காது. அதில் பிள்ளையின் தப்பு பாதிதான். நாம் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லையே!

யாருக்காக என்ற கேள்விக்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பழைய பதில் உண்டு. பாலக்காட்டுப் பக்கம் பத்ரகாளி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கும். நீண்ட வெள்ளைத் திரை, பின்னால் வரிசையாக 21 விளக்கு, தோலில் வெட்டிய பாவைகள். பாடுவது, நம்புங்கள், கம்பராமாயணம்! மலையாள தேசத்தில் தலைமுறை தலைமுறையாக இரவு முழுவதும் கம்பனைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கலையைக் காத்து வரும் ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தக் கூத்து ஏன் நடக்கிறது என்பதற்குக் கதை இருக்கிறது. தாருகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராமன் ராவணனை வென்றதைக் காளியால் பார்க்க முடியவில்லையாம். அதனால் அவளுக்காக நடத்திக் காட்டுகிறார்கள். எதிரே ஆளே இல்லாத இரவிலும் கூத்து நடக்கும். யாருக்காக என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. நிழலை அசைத்துக் கதை சொன்ன நம் முன்னோர்களுக்கு இருந்த அந்தத் தெளிவு நம் பிள்ளைக்கும் வேண்டும்.

"அதெல்லாம் சரி, நம்மூர்ப் பாட்டி கதை வெள்ளைக்காரனுக்குப் புரியுமா, பொதுவாக எடுக்கச் சொல்லலாமே" என்பவர்களுக்கு மூன்று உதாரணம். மூன்றும் மாணவப் படங்கள் அல்ல, ஆனால் வழி காட்டுபவை. கீதாஞ்சலி ராவின் 'பிரிண்டட் ரெயின்போ', தனியாக வாழும் ஒரு கிழவி, அவள் பூனை, அவள் சேர்த்து வைத்த தீப்பெட்டிகள் பற்றியது. சிவகாசித் தீப்பெட்டிப் படங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த உலகம் அந்நியமே இல்லை. 2006இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் பரிசு வாங்கியது. சான் பெர்னார்டினோவில் மோட்டல் நடத்திய குஜராத்திக் குடும்பத்துப் பையன் சஞ்சய் பட்டேல், அப்பா பூஜை செய்ய, மகன் டிவி பார்க்கத் துடிக்கிற அந்தச் சின்ன இழுபறியை வைத்து 'சஞ்சய்ஸ் சூப்பர் டீம்' எடுத்தார். 2016இல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அதிதி கிருஷ்ணதாஸின் 'கண்டிட்டுண்டு', கேரளத்துப் பெரியவர் ஒருவர் தன் பேச்சு மலையாளத்திலேயே சொல்லும் பேய்க்கதைகள். 2021ஆம் ஆண்டுக்கான தேசிய விருது அதற்குத்தான். யாரும் "பொதுவாக" எடுக்கவில்லை. அவரவர் வீட்டுத் திண்ணையிலிருந்து எடுத்தார்கள்.

கடைசியாக, எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி. சோறு போடுமா? பொய் சொல்ல மாட்டேன், நிலையில்லாத தொழில்தான். 'லைஃப் ஆஃப் பை' படத்தின் காட்சி ஜாலங்களுக்காக ஆஸ்கர் வாங்கிய அதே 2013 பிப்ரவரியில் ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் திவாலானது. 2025 தொடக்கத்தில் டெக்னிகலர் குழுமம் விழுந்தபோது பெங்களூர், மும்பை அலுவலகங்களும் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு, கேட்ட நொடியில் படம் வரைந்து தருகிறது. ஆனால் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது நேர் எதிரான பாடம். அடுத்தவர் கதைக்குக் கை மட்டும் கொடுக்கிறவருக்குத்தான் முதல் அடி. ஒரு யோசனையைக் கண்டுபிடித்து, அதை வெட்டிச் செதுக்கி, பத்துப் பேர் முன்னால் நின்று நம்ப வைக்கத் தெரிந்தவர் வேறு தொழிலுக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வார். உத்தரவாதம் இல்லை, ஆனால் கையில் ஏதோ ஒன்று இருக்கும்.

அதனால் என் யோசனை எளிது. பிள்ளைக்கு அடுத்த கருவி வாங்கும் முன், ஊருக்கு ஒரு போன் போட்டுப் பாட்டியிடம் பேச விடுங்கள். பேசுவதைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். "தண்ணி வருதா பாரு சாமி" என்ற அந்தக் கொங்குத் தமிழும், நடுநடுவே விழும் மலையாளமும் எந்த மென்பொருளிலும் கிடைக்காது. பாட்டிக்கு வயதாகிறது. படம் அடுத்த வருடம்கூட எடுத்துக்கொள்ளலாம், பதிவை இந்த வாரமே செய்துவிடுங்கள்.